அவள் ஏன் கூக்குரலிடவில்லை?

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் தானியேல் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. வாசகம் நீளமானது. ஆகையால் பல ஆலயங்களில் அதன் சுருங்கிய வடிவத்தையே வாசிப்பார்கள். அந்தச் சுருக்கத்தில் தோட்டத்திலே நடந்தது விடுபட்டுப்போகும். மரணத் தீர்ப்பிலிருந்தே கதை தொடங்கும். தானியேல் என்னும் இளைஞனின் ஞானம் எமக்கு எட்டுகிறது. சூசன்னா என்னும் பெண்ணுக்கு நேர்ந்த இக்கட்டு எட்டுவதில்லை.

அந்த இக்கட்டு என்ன? இரு முதியவர்கள், அவ்வாண்டில் மக்களுக்கு நீதிபதிகளாக நியமிக்கப்பட்டிருந்தவர்கள், தோட்டத்துக் கதவுகள் அடைபட்டிருந்த வேளையில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எமக்கு இணங்கு, அல்லாவிடில் ஓர் இளைஞனோடு உன்னைக் கண்டதாகச் சாட்சி சொல்வோம் என்றார்கள். இணங்கினால் கடவுளுக்கு முன் பாவம். இணங்காவிடில் மனிதர் முன் மரணம். அவள் கூக்குரலிட்டாள். உடனே அவர்களும் கூக்குரலிட்டார்கள். ஒருவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் சபை கூடியது. பேசியவர்கள் முதியவர்கள், அதிலும் நீதிபதிகள் என்பதனால் மக்கள் அவர்களை நம்பினார்கள். சூசன்னாவுக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

கூக்குரலிட்டும் பயனில்லாமற் போயிற்று. சொல்லப்பட்டது என்ன என்பதை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. சொன்னவர் யார் என்பதையே பார்த்தார்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் இன்றைய குற்றவியல் நீதிமன்றங்கள் எதிர்கொள்ளும் கேள்விகளும் பெரும்பாலும் இந்த இரண்டே. அவள் சம்மதித்தாளா? அவள் சொல்வதை நம்பலாமா?

முதலாவது கேள்வியை அயல்நாட்டு வழக்கொன்றைக் கொண்டு பார்ப்போம். 1972ஆம் ஆண்டு மார்ச் 26ந் திகதி இரவு, இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் தேசாய்கஞ்ச் என்னும் ஊரின் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பழங்குடிப் பெண் அழைத்துவரப்பட்டாள். தாய் தகப்பன் இல்லாதவள். கூலிவேலை செய்து தமையனோடு வாழ்ந்தவள். வைத்தியரின் மதிப்பீட்டில் அவளுக்கு 14க்கும் 16க்கும் இடைப்பட்ட வயது. அவள் விரும்பிய இளைஞனின் வீட்டார் அவளைக் கடத்திவிட்டதாகத் தமையன் முறைப்பாடு செய்திருந்தான். வாக்குமூலங்கள் பதிவாகின. எல்லாரும் புறப்பட்டபோது அவளை மட்டும் நிற்கச் சொன்னார் அங்கிருந்த கொன்ஸ்தபிள். மற்றவர்கள் வெளியே காத்து நின்றார்கள். கதவு சாத்தப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது. வெளியே வந்தவள் நடந்ததைச் சொன்னாள்.

1974இல் விசாரணை நீதிமன்றம் இரண்டு பொலிஸ்காரரையும் விடுதலை செய்தது. அவள் பொய் சொல்பவள் என்றும், ஏற்கெனவே ஆண் தொடர்புக்குப் பழகியவள் என்றும் தீர்ப்பில் எழுதப்பட்டது. 1976இல் பம்பாய் மேல் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதனை மாற்றிற்று. பயத்தினால் செயலற்றுப் பணிந்துபோவது வேறு, மனம் விரும்பிச் சம்மதிப்பது வேறு என்று கூறி இருவரையும் குற்றவாளிகளாகக் கண்டது. 1978 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் விடுதலை செய்தது. உடலிலே காயம் இல்லை. ஆகவே எதிர்ப்பு இருக்கவில்லை. கூச்சலிட்டதாக அவள் சொல்வது கட்டிய கதை. தமையன் பக்கத்தில் நின்றபோதே அவனிடம் அவள் முறையிட்டிருக்கலாம். சட்டம் கணக்கில் எடுக்கும் பயம் மரண பயமோ காயப் பயமோதான். அதற்குச் சான்று இல்லை. இவையே காரணங்கள்.

மறு ஆண்டு சட்டத்துறை ஆசிரியர்கள் நால்வர் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்தக் கடிதத்தின் சாரத்தைச் சாதாரண மனிதனின் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: பொலிஸ்காரரிடமிருந்து காப்பாற்றும்படி பொலிஸ் நிலையத்துக்குள் நின்றுகொண்டு யாரைக் கூப்பிடுவது?

இந்தக் கேள்வி கத்தோலிக்கர்களாகிய எமக்குப் புதியதாக இருக்கக் கூடாது. சம்மதம் என்றால் என்ன என்பதைத் திருச்சபை எங்களுக்குச் சிறு வயதிலேயே படிப்பித்திருக்கிறது. சாவான பாவத்துக்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்தோம்: பாரதூரமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம். பயத்தினால் கைகால் விறைத்து நின்றவளிடம் இந்த மூன்றாவது எங்கே இருக்கிறது? விவாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தின் முன் குருவானவர் மணமக்களிடம் முதலில் கேட்பது, கட்டாயமின்றி முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்பது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1103ஆம் சட்டம், வன்முறையினாலோ வெளியிலிருந்து வரும் பெரும் பயத்தினாலோ செய்யப்பட்ட விவாகம் செல்லாது என்கிறது. மோதிரம் மாற்றியாயிற்று, நானூறு பேர் சாட்சியாய் நின்றார்கள், பெண் வாய் திறந்து ஆம் என்றும் சொன்னாள். அப்படியிருந்தும் அது சம்மதம் அல்ல. அவளுடைய கையிலே காயத்தின் தழும்பு இருக்கிறதா என்று எந்தத் திருச்சபை நீதிமன்றமும் பார்ப்பதில்லை. சுதந்திரம் இருந்ததா என்பதையே பார்க்கிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்றொரு பழமொழி எம்மிடையே உண்டு. கலியாணப் பேச்சிலே தலை குனிந்து நின்ற குமர்ப்பிள்ளைகளுக்காக உண்டாக்கிய பேச்சு அது. அங்கேகூட அது எவ்வளவு உண்மை என்பது எனக்குச் சந்தேகம். அதைச் சாட்சிக் கூண்டுவரை கொண்டுவந்தால் அதன் விபரீதம் விளங்கும். ஆபத்தில் மனிதன் ஓடுவான் அல்லது எதிர்த்து நிற்பான் என்று நினைக்கிறோம். மூன்றாவது ஒன்றும் உண்டு: உடல் மரத்துப்போய், குரல் அடைபட்டு, அசைய முடியாத நிலை. மனநல வைத்தியர்கள் இதனை நன்கறிவார்கள். வெறிநாய் எதிரே நிற்கக் கால் எழாமல் நின்ற எவருக்கும் இதற்கு விரிவுரை தேவையில்லை.

இணைச்சட்டத்தின் 22ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டி, நகருக்குள் கூக்குரலிடாத பெண்ணையும் மோயீசன் தண்டிக்கச் சொன்னாரே என்று வாதிடுவோர் உளர். அடுத்த வசனங்களையும் அவர்கள் வாசிக்க வேண்டும். வயல்வெளியில் நடந்ததாயின் பெண்மேல் குற்றமில்லை. அவள் கத்தியிருப்பாள், காப்பாற்ற ஆள் இருந்திராது என்று அச்சட்டமே அவளுக்காகப் பேசுகிறது. சாட்சி ஒருவர்கூட இல்லாத இடத்தில் அவள் பக்கத்தை நம்பும்படி சொன்ன பழைய சட்டம் அது. நாம் கேட்கவேண்டியது, அவள் நின்ற இடம் நகரமா வயலா என்பதல்ல. கேட்கும் காது அருகில் இருந்ததா என்பதே. பூட்டிய அறையும், சோதனைச் சாவடியும், எசமானின் வீட்டு அடுப்படியும் வயல்வெளிதான்.

சட்டங்கள் மெல்ல மாறியிருக்கின்றன. இந்தியாவில் 1983இல், பொலிஸ் காவல் போன்ற நிலைமைகளில் உடலுறவு நிரூபிக்கப்பட்டு, சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் சம்மதம் இருக்கவில்லை என்றே நீதிமன்றம் ஊகிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2013இல், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்தாள் எனக் கொள்ளக் கூடாது என்பதும் எழுத்தில் வந்தது. எமது நாட்டில் அதற்கு முன்னரே, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவைத் திருத்தியது. சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இன்றியமையாதவை அல்ல என்று அதில் விளக்கம் சேர்க்கப்பட்டது. தடுத்துவைக்கப்பட்ட நிலையிலோ, பலாத்காரத்தாலோ, பயமுறுத்தலாலோ பெற்ற சம்மதம் குற்றத்தை இல்லாமற் செய்யாது என்பதும் அதிலே உண்டு. மனைவியைப் பொறுத்தவரையில் மட்டும் அந்தத் திருத்தம் பின்வாங்கிற்று; நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவிக்கே பாதுகாப்பளித்தது. 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தமது சுற்றுமடலில், துணைவரின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதியாது திணிக்கப்படும் தாம்பத்திய உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்று போதித்திருந்தார். கருத்தடை பற்றி அம்மடல் சொன்னதை மறக்காத நாம் இதனை மட்டும் எப்படியோ மறந்துபோனோம்.

இனி இரண்டாவது கேள்வி, நம்பகத்தன்மை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி மத்தேயு ஹேல் இக்குற்றச்சாட்டைப்பற்றி ஓர் எச்சரிக்கை எழுதிவைத்தார். சுமத்துவது எளிது, நிரூபிப்பது கடினம், நிரபராதிக்கு அதிலிருந்து தப்புவது அதனிலும் கடினம் என்பது அதன் கருத்து. அந்த எச்சரிக்கை கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. களவு கொடுத்தவனின் தனிச் சாட்சியம் போதும். கத்திக்குத்து வாங்கியவனின் தனிச் சாட்சியமும் போதும். பெண்ணின் சாட்சியத்துக்கு மட்டும் வேறு சான்று துணை நிற்கவேண்டும் என்று நீதிபதிகள் நூறாண்டுகளுக்கு மேலாக எதிர்பார்த்தார்கள். எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவோ, எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கணக்கே வைக்கவில்லை. இங்கிலாந்தில் யூரிமாருக்கு இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்ற விதி 1994இல் ஒழிந்தது. சுமத்துவது எளிது என்று ஹேல் எழுதினாரே. எங்கள் ஊரிலே ஒரு பெண் பொலிசுக்குப் போய் இதனைச் சொல்வது எளிதென்று நினைப்பவர் யாரும் உண்டா?

குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? சட்டையின் நிறம் நீலம் என்றீர், பொலிசில் பச்சை என்றீரே? அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெண்ணல்ல, வீடு. தகப்பனுக்குச் சொல்வதா, தங்கச்சியின் கலியாணம் என்னாகும் என்று குசினிக்குள்ளே நடக்கும் ஆலோசனையில் நாட்கள் போய்விடுகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் பஞ்சாப் வழக்கொன்றில் இதனை ஏற்றுக்கொண்டது. வீட்டார் தயங்கியதால் வந்த தாமதத்தைக் கொண்டு பெண்ணைப் பொய்காரியாக்கலாகாது என்றது.

எமக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். நீர் சத்தம் போடவில்லைத்தானே என்று சட்டத்தரணி கேட்கிறார். தமிழ்ப் பெண் ஓம் என்கிறாள். அவள் சொல்வது, ஓம், போடவில்லை என்பதா, ஓம், போட்டேன் என்பதா, அல்லது நீங்கள் சொல்வது காதில் விழுகிறது ஐயா என்பதா? வேறு மொழியில் நடக்கும் விசாரணையில், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே அந்த ஓம் பதிவேட்டில் ஏறும்போது ஒரே பொருளுக்குச் சுருங்கிவிடுகிறது.

தானியேலும் குறுக்கு விசாரணைதானே செய்தார் என்று கேட்கலாம். செய்தார். இரண்டு முதியவரையும் பிரித்து வைத்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பயத்தில் நின்றவர்கள் அல்லர். சாவகாசமாக நின்று பார்த்ததாகச் சொன்னவர்கள். குற்றம் அந்த மரத்தின் கீழே நடந்ததாகச் சத்தியம் செய்தவர்கள். அவர்கள் கதையின் நடுத்தூணே அந்த மரம். கழுத்திலே கை வைக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் சட்டையின் நிறத்தைக் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முதியவர்கள் முன்பு எத்தனை பெண்களைக் கெடுத்தார்கள் என்பது தானியேலுக்குத் தெரிந்தே இருந்தது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார். ஆனால் அவர்களைக் குற்றவாளிகளாக்கியது அவர்களுடைய வாயிலிருந்து வந்த முரண்பாடு. ஆளின் நடத்தைப் பட்டியல் அல்ல, சொன்ன கதையே சோதிக்கப்பட்டது. பெண்ணின் பொதுவான நடத்தை கெட்டது என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்ற பிரிவு இந்தியச் சான்றுச் சட்டத்தில் 1872 முதல் இருந்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அதனை நீக்கியது.

யோசேப்பை மறந்துவிட்டீர்களா என்று சிலர் கேட்பார்கள். கேட்பதும் நியாயமே. போத்திபாரின் மனைவி பொய்க் குற்றம் சாட்டினாள். கையிலே சான்றுப் பொருளும் வைத்திருந்தாள், அவன் விட்டுச் சென்ற மேலாடை. துணைச் சான்று பொய்க்கும் துணை போகும் என்பதற்கு அது பாடம். அங்கே விசாரணையே நடக்கவில்லை என்பது இன்னொரு பாடம். அடிமையை எவரும் கேட்கவில்லை, சிறையில் தள்ளினார்கள். எதிரிக் கூண்டில் நிற்பவனின் குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவேண்டும் என்ற விதி யோசேப்பைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அதில் ஓர் எழுத்தையும் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஆனால் எதிரி நிரபராதி என்று தொடங்குவது வேறு, பெண் பொய்காரி என்று தொடங்குவது வேறு. சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போய் அவன் விடுதலையாகலாம். நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். அந்தத் தீர்ப்பு ஊருக்கு வந்து சேரும்போது அவள் பொய் சொன்னாள் என்று மாறிவிடுகிறது. இந்த மொழிபெயர்ப்பைச் செய்வது நீதிமன்றமல்ல. நாங்கள்.

கற்பழிப்பு என்று வெகுகாலமாக எழுதியும் பேசியும் வந்தோம். இன்று பாலியல் வல்லுறவு என்கிறோம், நல்ல மாற்றம். பழைய சொல்லுக்குள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குற்றம் செய்தவன் அவன், அழிந்தது அவளுடைய கற்பு என்கிறது அது. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர் இந்தக் கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களைப் பழித்தவர்களுக்குப் புனித அகுஸ்தீனார் தமது கடவுளின் நகரம் என்னும் நூலின் முதற் புத்தகத்தில் பதிலளித்தார். கற்பு மனத்தின் புண்ணியம். மனம் இணங்காதவரையில் இன்னொருவனின் இச்சையால் அதனைக் கறைப்படுத்த இயலாது என்றார். அந்த இடத்தில் அவர் சொன்னவை எல்லாம் எனக்கு உவப்பானவை அல்ல; அப்பெண்களிடம் மறைவான பெருமை இருந்திருக்கலாம் என்ற யோசனையை அவர் விட்டிருக்கலாம். ஆயினும் மூலக் கருத்து அசையாதது. பிறர் அழிக்கக்கூடியதாயின் அது கற்பே அல்ல.

புனித மரியா கொரற்றியை எமது பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறோம். 1902இல் பதினொரு வயதில் எதிர்த்து நின்று குத்துண்டு, கொன்றவனை மன்னித்து மரித்தாள், 1950இல் புனிதையானாள். அவளுடைய மேன்மையைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆனால் அந்தப் பிரசங்கத்தை வாங்கிலே இருந்து கேட்கும் இன்னொரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளுக்கும் அது நேர்ந்தது. அவள் சாகவில்லை. எதிர்த்து நிற்க அவளால் முடியவில்லை. உயிரோடு இருப்பதே தன் குற்றம் என்று அவள் விளங்கிக்கொண்டால் யார் பொறுப்பு?

1996இல் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட உயர்தர வகுப்பு மாணவிக்காகவும், 2015இல் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்ட மாணவிக்காகவும் நாம் எல்லாரும் அழுதோம். முதலாவது வழக்கில் 1998இல் கொழும்பிலும், இரண்டாவதில் 2017இல் யாழ்ப்பாணத்திலும் தீர்ப்பு வந்தது. அவர்கள் ஏன் அவ்வழியே போனார்கள் என்று கேட்கத் துணிந்தவர் அரிது. அவர்கள் இறந்துவிட்டார்கள். இறந்தவளை நம்புவது எளிது. உயிரோடு திரும்பி வந்து, கொன்றவன் அல்லாத ஒருவனை, நமக்குத் தெரிந்த ஒருவனை, கோயில் சபையிலே முன்வரிசையில் இருக்கும் ஒருவனைப் பெயர் சொல்லிக் காட்டுபவளைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறோம். குருக்கள் துறவிகளே குற்றஞ் சாட்டப்படும்போது என்ன செய்வது என்பதற்குப் பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் விதிமுறை வகுத்தார். வன்முறை, மிரட்டல் என்பவற்றோடு அதிகாரத் துஷ்பிரயோகத்தால் ஒருவரைப் பாலியல் செயலுக்குப் பணியவைப்பதும் அதில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பணிதல் சம்மதம் அல்ல என்று நாக்பூரில் 1976இல் சொன்னதைத் திருச்சபையும் எழுத்தில் வைத்திருக்கிறது.

சாமுவேலின் இரண்டாம் ஆகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தாவீது அரசனின் மகள் தாமாரின் கதை வருகிறது. அதனை ஞாயிறு வாசகங்களில் நாம் கேட்பதில்லை. அண்ணன்முறையான அம்னோன் நோயாளிபோல் படுத்துக்கொண்டு அவளை அழைத்தான். அவள் வேண்டாம் என்றாள். காரணங்களை எடுத்துச் சொன்னாள். தன் வெட்கத்தை எங்கே கொண்டுபோவேன் என்று கேட்டாள். அவன் வலியவன். வெளியே துரத்தப்பட்டபோது தலையில் சாம்பல் போட்டு, உடையைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டே தெருவழியே போனாள். உடன்பிறந்த அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். அவன் உன் சகோதரன் அல்லவா, இதை மனதில் வைக்காதே என்றான். தகப்பனாகிய தாவீது கேள்விப்பட்டுக் கடுங்கோபம் கொண்டார். அவர் அரசர்; இஸ்ராயேலின் உயர்ந்த நீதிபதியும் அவரே. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. விசாரணை ஏதும் நடக்கவில்லை. தாமார் தன் சகோதரன் வீட்டிலே தனித்து இருந்தாள்.